திருத்தி எழுத ஒரு வாய்ப்பு வேண்டும்

பாலசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறிப் பழனி கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகள் பலர், தம் வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்பை எட்டியவர்கள். அவர்களுடைய அசைன்மென்ட் தாளைப் புரட்டிப் பாருங்கள். நோட்ஸிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ இறக்கிய பத்திகள். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு மதிப்பெண், ஒரு கையொப்பம். எந்த வரி புரியவில்லை, எந்தக் கருத்துக்கு ஆதாரம் இல்லை என்று ஒரு சொல் இராது. பிறகு, ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை’ என்று குறைபட்டுக்கொள்கிறோம். இது அநியாயம். யாரும் சொல்லிக் கொடுக்காததை அவர்கள் எங்கே கற்பார்கள்?

அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் இருக்கும் இடங்களில் 10 மதிப்பெண்ணை ஒரே ஒரு கட்டுரைக்கு ஒதுக்க வேண்டும். மாணவர் எழுத வேண்டும். ஆசிரியர் குறிப்பெழுதித் திருப்பித் தர வேண்டும். மாணவர் மறுபடி எழுத வேண்டும். இரண்டாவது படிக்கே மதிப்பெண். முதல் கட்டுரை தமிழில் இருக்கட்டும். யோசிக்கும் மொழியில் தெளிவு வந்தால் ஆங்கிலத்திலும் அது கைகொடுக்கும்.

எதைப் பற்றி எழுதுவது? பக்கத்துப் பொருந்தலில் அப்போது புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கா. ராஜனின் குழு அகழ்ந்த ஈமக்குழியில், தமிழி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியும், கி.மு. 490 எனக் காலம் கணிக்கப்பட்ட நெல்லும் கிடைத்தன. அந்த ஊருக்கே போய், அங்கே உழவு செய்பவர்களிடம் பேசி எழுதச் சொல்லலாம். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழக மாணவர்கள் கிராமங்களில் தங்கிக் கற்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. நேரில் கேட்டறிந்ததைக் கைப்பேசி எழுதித் தராது.

வகுப்புக்கு அறுபது பேர் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. கௌரவ விரிவுரையாளர்கள் தலையில் இதையும் கட்டிவிடக் கூடாது. காலிப் பணியிடங்களை அரசு நிரப்பியே ஆக வேண்டும். அதுவரை முதுகலை மாணவர்களுக்குப் பயிற்சியும் சிறு ஊக்கத்தொகையும் கொடுத்து, நூலகத்தில் மாலைதோறும் ஒரு மேசை போட்டு உட்கார வைக்கலாம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1976 முதல் எழுத்துக்கென்றே ஒரு கூடம் நடத்துகிறது. அங்கே மாணவர்களே மாணவர்களின் கட்டுரைகளைப் படித்துச் சொல்கிறார்கள். நம்மிடம் நூலகமும் இருக்கிறது, மாணவர்களும் இருக்கிறார்கள். பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த கல்வியாண்டிலேயே இதற்கு ஒப்புதல் தர வேண்டும்.