வெள்ளைக் கோடு போட்டா வயித்துப்போக்கு நின்னுடுமா?

மழை விட்ட மறுநாள் காலையில தெருவோரமா வெள்ளையா ஒரு கோடு போட்டுட்டுப் போவாங்களே, பாத்திருக்கீங்களா? பிளீச்சிங் பவுடர். பெரிய ஆளு யாராவது வர்றாங்கன்னா கோடு இன்னும் கொஞ்சம் தடிமனா இருக்கும். மண்ணுல தூவின பவுடர் யார் வீட்டுக் குடிதண்ணியையும் சுத்தம் பண்ணாது. அது போய்ச் சேர வேண்டிய இடம் மேல்நிலைத் தொட்டி. சுகாதாரத் துறையில இருக்குறவங்களுக்கு இது தெரியாம இல்ல. ஆனா கோடு கண்ணுக்குத் தெரியும், தொட்டிக்குள்ள கலந்தது தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

அவசரகாலத் திட்டம்னு நம்ம நாட்டுல எழுதி வைக்கிறதும் பெரும்பாலும் இந்த வெள்ளைக் கோடு மாதிரிதான். கண்ணுக்குத் தெரியும், வேலைக்கு ஆகாது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ல வந்தது. அதோட 32-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளும் தங்களுக்குன்னு ஒரு பேரிடர் திட்டம் தயாரிக்கணும்னு சொல்லுது. 41-ஆம் பிரிவு, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கணும்னு சொல்லுது. கவனிங்க, அதிகாரிகளுக்கு மட்டும் இல்ல, ஊழியர்களுக்கும். பக்கத்து ஊர் ஒண்ணுல துப்புரவு வேலை பாக்குற அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட, "வெள்ளம் வந்தா நீங்க என்ன செய்யணும்னு யாராவது சொல்லிக் கொடுத்திருக்காங்களா?"ன்னு கேட்டேன். "ஃபோன் வரும் தம்பி, போவோம்"னாரு. அவரைப் பொறுத்தவரைக்கும் அந்த ஒரு ஃபோன்தான் மொத்தத் திட்டமும்.

"நம்ம வறண்ட பூமியில என்னய்யா வெள்ளம்?"னு கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையமும் வில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையோட அடிவாரத்துல உக்காந்திருக்கு. மலையில கொட்டுற மழை ஓடைக்கு இறங்க ரொம்ப நேரம் ஆகாது. 2015 மே மாசம் சதுரகிரியில திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரே போச்சு. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி, நெல்லை, தென்காசின்னு எல்லா இடமும் தத்தளிச்சது. தென்காசி மாவட்டம் நமக்கு அடுத்த வீடு. மழை மாவட்ட எல்லை பாத்தா பெய்யுது?

சின்ன ஊருக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்னா, கனடாவுல வாக்கர்டன்னு ஒரு ஊர் இருக்கு. மொத்தமே 5,000 பேர் இருப்பாங்க. 2000 மே மாசம் கனமழை பெய்ஞ்சு, மாட்டுச்சாணக் கழிவு குடிநீர்க் கிணத்துல கலந்துடுச்சு. 7 பேர் செத்தாங்க, 2,300 பேர் வரைக்கும் படுத்தாங்க. விசாரிச்சா, தொட்டியைப் பாத்துக்கிட்டவங்களுக்கு முறையான பயிற்சி இல்ல. குளோரின் அளக்காமலே அளந்ததா நோட்டுல எழுதியிருக்காங்க. சுகாதார அலுவலகம் கேட்டப்ப "தண்ணி நல்லாத்தான் இருக்கு"ன்னு பதில். கடைசியில அந்த அலுவலகம் பொறுக்க முடியாம, மே 21 அன்னிக்கு தானே "காய்ச்சிக் குடிங்க"ன்னு அறிவிச்சது. அதுக்குள்ள ஊர் படுத்தாச்சு. பணக்கார நாடுதான். காசு இருந்து என்ன, கடைசி ஆளுக்கு வேலை தெரியல.

2011 கணக்குப்படி ராஜபாளையத்துல 1.3 லட்சம் பேர், வில்லிபுத்தூர்ல 75 ஆயிரம் பேர். அதனால நான் கேக்குறது இதுதான்.

ஒண்ணு, திட்டம் ஒரே பக்கம், தமிழ்ல, ஒவ்வொரு தொட்டி மோட்டார் ரூம் சுவத்துலயும் ஒட்டியிருக்கணும். 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பவுடர்னா, லட்சம் லிட்டர் தொட்டிக்கு 400 கிராம். நல்ல பவுடர்ல குளோரின் 33 சதவீதம் வரைக்கும் இருக்கும். மூட்டை பிரிச்சு நாள்பட்டா வீரியம் போயிடும். அதனால மூட்டை வந்த தேதி எழுதணும். கடைசித் தெருக் குழாய்ல தண்ணி பிடிச்சு குளோரின் சோதிக்கணும். லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் இருக்கணும்.

ரெண்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு "இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க"ன்னு சொல்ற அதிகாரம் எந்தப் பதவிக்குன்னு எழுதி வைக்கணும். அவர் லீவுன்னா அடுத்தவர் யாரு? மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்னா விடிஞ்சுடும்.

மூணு, சாக்கடைத் தண்ணியில முதல்ல இறங்குறவருக்கு பூட்ஸ், கையுறை, டி.டி. ஊசி, டாக்டர் சொல்ற எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை. ஒப்பந்தத் தொழிலாளின்னு சொல்லி அவரைப் பட்டியல்ல விட்டுட்டா, அந்தத் திட்டத்தைக் கிழிச்சுப் போடலாம். வேலை செய்யப்போறதே அவர்தானே!

நாலு, வருஷத்துக்கு ரெண்டு ஒத்திகை. ஆடிப்பூரத்துக்கு முன்னாடி ஒண்ணு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒண்ணு. ரெண்டு ஊரும் சேர்ந்தே நடத்தலாம். பஸ்ல அரைமணி நேரம்தான். ஒரு ஊர் முங்கினா அடுத்த ஊர் ஆளும் பவுடரும் வரணும்.

"நிதி இல்ல, ஆள் இல்ல"ன்னு சொல்வாங்க. மேலே சொன்னதுல எதுக்கய்யா கோடி தேவை? ஆண்டாள் தேர் ஓடுறப்ப பாருங்க. வடம் பிடிக்கிறவருக்கு இடம் தெரியும், சக்கரத்துக்குக் கட்டை போடுறவருக்கு நேரம் தெரியும். யாரும் ஃபைலைப் புரட்டிப் பாத்து கட்டை போடுறதில்ல. அவ்வளவு பெரிய தேரை நிறுத்தத் தெரிஞ்ச ஊருக்கு, ஒரு தொட்டி வால்வை நேரத்துக்கு மூட ஆள் பழக்க முடியாதா?

நம்ம பங்குக்கும் ஒண்ணு இருக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய்தான் கட்டணம். உங்க நகராட்சிக்கு மூணு கேள்வி எழுதிப் போடுங்க: 32-ஆம் பிரிவுத் திட்டம் கடைசியா எப்பத் திருத்தப்பட்டது? ஒத்திகை எந்தத் தேதியில நடந்தது? அதுல ஒப்பந்தத் தொழிலாளிங்க எத்தனை பேர் கலந்துக்கிட்டாங்க? பதில் வந்தா சந்தோஷம். வரலைன்னா மேல்முறையீடு பண்ணுங்க, விடாதீங்க. மழைக்கு முன்னாடி கேக்குற கேள்விக்குத்தான் மதிப்பு.