யாருக்கு என்று கேட்காதீர்கள்

'சிறுநீர் அடங்காமை' என்கிறது மருத்துவத் தமிழ். அடக்கமும் அடங்காமையும் நம் மொழியில் ஒழுக்கச் சொற்கள். நோய்க்குப் பெயரிடும்போதே நோயாளியைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம்.

புராஸ்டேட் சுரப்பியை அகற்றிய பின் நீர்க்கசிவு பல மாதங்கள் நீடிப்பதுண்டு. தில்லியில் எங்கள் துறையின் மூத்த ஊழியர் ஒருவர் (எழுதச் சொன்னவரே அவர்தான்) நனைந்த டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். ஆண்கள் கழிப்பறையில் மூடியுள்ள குப்பைத்தொட்டி இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சானிட்டரி கழிவை வரையறுக்கையில் டயப்பரையும் சேர்த்தே குறிப்பிட்டன. பெண்களுடையது மட்டும் என்று அங்கே வரையறை இருக்கவில்லை.

உடலரசியல் பற்றிக் கருத்தரங்கு கூட்டும் நாம்தான், நீண்ட கூட்டத்தின் நடுவே இருமுறை எழுந்து போகிறவரைப் பார்த்து நகைக்கிறோம். துறைத்தலைவர்களே, தொட்டியை வையுங்கள். யாருக்கு என்று கேட்காதீர்கள்.