ஞாயிற்றுக்கிழமையில் ராட்டினம் சுற்றினால்!

சர்க்கார் பணத்தில் கலை விழா நடத்துவதென்றால் அதற்குச் சட்டம் வேண்டும் என்பது நியாயமே. பணம் யாருடையது, நிலம் யாருடையது, நஷ்டம் வந்தால் யார் தலையில் விடியும் என்பதையெல்லாம் சட்டம்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த விழாவுக்குள் குடிஜனங்கள் எந்தக் கிழமையில் நுழையலாம் என்பதற்கும் ஒரு தனிச் சட்டம் வேண்டியிருந்தது என்றால் வாசகர்கள் நம்புவார்களா? அதுவும் எங்கே? "வெள்ளைக்காரனைப் பார், மூடநம்பிக்கை இல்லாததால் எப்படி முன்னுக்கு வந்திருக்கிறான்" என்று நம்மவர்கள் எடுத்துக் காட்டும் இங்கிலாந்து தேசத்தில்!

சண்டையில் இடிந்து, ரேஷனில் வாழ்ந்த ஜனங்களுக்குக் கொஞ்சம் உற்சாகம் உண்டாக்க, தொழிலாளர் கட்சி சர்க்கார் 1951-ம் வருஷம் மே முதல் செப்டம்பர் வரை 'பிரிட்டன் விழா' நடத்தியது. தேம்ஸ் நதியின் தென்கரையில் கண்காட்சி, சங்கீத மண்டபம், 365 அடி குறுக்களவுள்ள விஞ்ஞானக் கூடம். பாட்டர்சி பூங்காவில் விளையாட்டுத் தோட்டம். ஊருக்கு ஊர் நாடகம், கச்சேரி. இதற்கு 1949-ல் ஒரு சட்டம் செய்தார்கள். பாட்டர்சியில் செலவு எல்லை மீறிப் போகவே, மேற்கொண்டு கடன் கொடுக்க 1951-ல் இன்னொரு சட்டம். இவை போதாமல் மூன்றாவதாக ஒன்று வந்தது. அதுதான் ஞாயிற்றுக்கிழமைத் திறப்புச் சட்டம்.

ஏன் என்றால், 1780-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று உயிரோடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் காசு வாங்கிக்கொண்டு பொது ஜனங்களுக்குக் கேளிக்கை காட்டினால் அந்த இடம் 'ஒழுங்கீனமான வீடு' ஆகிவிடும். நடத்துகிறவனுக்கு 200 பவுன் அபராதம். வாசலில் சீட்டு வாங்குகிறவனுக்குக்கூட 50 பவுன். இந்த அபராதம் வழக்குப் போட்டவன் கைக்கே போகும்! கோள் சொல்லுகிறவனுக்குக் கூலி கொடுத்து பக்தியை வளர்த்த சட்டம் அது. ஆனால் பணக்காரன் தன் மாளிகையில் ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்து, பாட்டுக்காரியை வரவழைத்துப் பாடவிட்டால் அதில் இச்சட்டம் தலையிடாது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி உள்ளே போக வேண்டியவனைத்தான் அது பிடிக்கும்.

இந்த நோய் பழையது. 1851-ல் ஹைடு பூங்காவில் நடந்த மகா கண்காட்சியும் ஞாயிறுதோறும் மூடியே கிடந்தது. பொதுப் பணத்தில் நடந்த லண்டன் மியூசியங்களை அந்தக் கிழமையில் திறக்க வேண்டுமென்று 1855-ல் ஒரு சங்கம் கிளம்பி, 1896-ல்தான் காரியம் கைகூடிற்று. 41 வருஷம்! அதற்குள் கேட்டவர்களில் எத்தனை பேர் செத்தார்களோ?

1951-ன் விஷயத்துக்கு வருவோம். மசோதா வந்ததும் 'ஆண்டவனின் நாள்' அனுஷ்டிக்கும் சங்கத்தார் ஆட்சேபித்தார்கள். பார்லிமெண்டில் கட்சிக் கட்டுப்பாடு இல்லாமல் மனச்சாட்சிப்படி ஓட்டுச் செய்ய விட்டார்கள். மனச்சாட்சி என்ன செய்தது தெரியுமா? கண்காட்சியைத் திறக்கலாம், தோட்டத்தையும் திறக்கலாம், ஆனால் பாட்டர்சியில் ராட்டினமும் மற்ற ஆட்டங்களும் உள்ள பகுதியை மட்டும் ஞாயிறன்று பூட்டிவிட வேண்டும் என்று தீர்த்தது.

நாம் கேட்கின்றோம்: விஞ்ஞானக் கூடத்தைப் பார்த்தால் கோபிக்காத கடவுள், ஒரு குழந்தை மரக்குதிரை மேல் ஏறிச் சுற்றினால் மட்டும் கோபிப்பாரா? ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் அவர் ஓய்ந்தார் என்பது அவர்கள் வேதம். அந்த ஏழாம் நாளோ சனிக்கிழமை. யூதர்கள் இன்றும் அதைத்தான் அனுஷ்டிக்கிறார்கள். நாளையே மாற்றிக் கொண்டவர்கள் ஒரு ராட்டினத்துக்கு இடம் விடக் கூடாதா?

ஞாயிறன்று திறந்தால் அங்கே வேலை செய்கிறவர்களின் ஓய்வு போய்விடுமே என்பது ஒன்றுதான் அவர்கள் தரப்பில் யோக்கியமான ஆட்சேபணை. அதை நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் அவர்களுக்கு வாரத்தில் வேறொரு நாள் லீவு கொடுப்பது. ரயிலோட்டியும் ஆஸ்பத்திரித் தாதியும் ஞாயிறன்று வேலை செய்யவில்லையா? பாதிரியாருக்கே அன்றுதானே அதிக வேலை! சனிக்கிழமை பாதி நாளும் ஆலையில் உழைத்தவன் பலருக்கு, பெண்டு பிள்ளைகளோடு முழுதாய் வெளியே போக அந்த ஒரு நாள்தான் இருந்தது. அவனுடைய வரியும் சேர்ந்துதான் நிகரம் சுமார் 80 லட்சம் பவுன் விழாவுக்குப் போயிற்று. பணம் கொடுக்கும்போது கிழமை பார்க்காத சர்க்கார், அவன் குழந்தை ராட்டினத்தில் ஏறும்போது மாத்திரம் கிழமை பார்த்தது.

இத்தனைக்கும் அந்தச் சட்டம் அந்த ஒரு விழாவுக்கு மட்டும் கொடுத்த விலக்கு. கோள் சொல்லிக் காசு வாங்கும் வழக்கம் அதே 1951-ல் வேறொரு சட்டத்தால் ஒழிந்தது. நாடகக் கொட்டகைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வழி பிறந்தது 1972-ல். 1780-ம் வருஷத்துச் சட்டம் அடியோடு தொலைய 2003-ம் வருஷத்து லைசென்சுச் சட்டம் வர வேண்டியிருந்தது.