மெட்ரோவில் யாரும் "எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை

மெட்ரோ ரயிலில் யாரும் யாருடனும் பேசுவதில்லை, ஆளுக்கொரு செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், மனித உறவே போய்விட்டது என்று ஒரு புலம்பல் அடிக்கடி காதில் விழுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் டவுன் பஸ்ஸில் பேச்சு எப்படித் தொடங்கும் என்று நமக்குத் தெரியும். முதலில் "எந்த ஊரு?" அடுத்து "யாரு வீடு?" அதிலும் பிடிபடவில்லை என்றால் "எந்தத் தெரு?" காலனி என்று சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

எங்கள் பகுதியிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன ஒரு மாணவி விடுமுறைக்கு வந்தபோது சொன்னாள்: "அக்கா, மெட்ரோல என்னை யாரும் ஒண்ணும் கேக்கல." அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேள்வி வராத இருபது நிமிடங்கள் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று எழுந்த பிரச்சினையில், 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அப்படிப்பட்ட மாவட்டத்திலிருந்து போகும் பிள்ளைக்கு, டிக்கெட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திறக்கும் கதவு சின்ன விஷயம் அல்ல. கிராமத்தைக் கொண்டாடாமல் நகரத்தைப் பாருங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் ஏன் சொன்னார் என்பது இங்கே புரிகிறது.

ஆனால் தோழர்களே, அந்தக் கதவு வரை யாரால் வந்து சேர முடிகிறது?

சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது. நம் ஊர் பஸ்ஸும் அதே கோயம்பேட்டுக்குத்தான் போனது. கட்டட வேலைக்குப் போனவர்களும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும், நேர்முகத் தேர்வுக்குப் போன பிள்ளைகளும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே ஸ்டேஷனுக்குள் போக முடிந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகளோடு நம் பேருந்துகளும் அங்கே மாற்றப்பட்டன. நெரிசல் குறைய வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் மெட்ரோ அங்கே போகவில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கிலோமீட்டர் பாதை போடாமலே பேருந்து நிலையத்தை முதலில் நகர்த்தினார்கள். கார் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. விடியற்காலை மூட்டையோடும் குழந்தையோடும் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்குத்தான் நஷ்டம்.

கட்டணத்தையும் பாருங்கள். 2021இல் குறைத்த பிறகு மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். கார்டிலோ செல்போனிலோ டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி. கவுண்டரில் காசு கொடுத்து எடுப்பவருக்கு அது கிடையாது. அன்றாடக் கூலியைக் கையில் வாங்குபவர் முழுக் கட்டணம் கட்டுகிறார், மாதச் சம்பளம் வங்கிக்கு வருபவர் சலுகையில் போகிறார். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு பஸ் பாஸ் இருக்கிறது. இரண்டும் மெட்ரோ வாசலோடு நின்றுவிடுகின்றன.

மெட்ரோவில் எதையும் மாற்ற முடியாது என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் இரட்டிப்புக் கட்டணத்தில் முதல் வகுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. 2020 நவம்பரில் அதைப் பெண்களுக்கான பெட்டியாக மாற்றினார்கள்.

அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது, 1901இல், அப்பாவைப் பார்க்க ரயிலில் மசூர் ஸ்டேஷனுக்குப் போனதை எழுதியிருக்கிறார். ரயில் பயணத்தில் பிரச்சினை இல்லை. இறங்கிய பிறகு, இவர்கள் மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிப் போனார்கள். ரயில் சாதி பார்க்காமல் கொண்டுவந்து விட்டது. ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவில் சாதி காத்திருந்தது. இன்றும் பஸ் ஊரில் நின்று, காலனிக்கு நடந்து போகவேண்டிய இடங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. கிளாம்பாக்கத்துக்கும் மெட்ரோவுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நான் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். யாரும் சாதி சொல்லி விலக்கவில்லை, ஆனால் விலகி நிற்பது யார் என்று பார்த்தால் தெரியும்.

அடுத்த முறை மெட்ரோவில் போகும்போது, தரை துடைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் மட்டும் பேச்சுக் கொடுங்கள். தெருவைக் கேட்க வேண்டாம். ஒப்பந்த வேலையா, மாதம் என்ன சம்பளம், வேலைக்கு எதில் வந்து போகிறார் என்று கேளுங்கள். அவர் துடைக்கும் ஸ்டேஷனிலிருந்து அவரே ரயில் ஏறுகிறாரா என்றும் கேளுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. கிளாம்பாக்கம் வரை மெட்ரோ உடனே வர வேண்டும். மாணவர்களுக்கு மெட்ரோவிலும் பாஸ் வேண்டும். காசு கொடுத்து டிக்கெட் எடுப்பவருக்கும் அதே 20 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுக்கும் நிலத்துக்கும் போராடுவதுபோலப் போக்குவரத்துக்கும் போராட வேண்டும். படிப்பும் வேலையும் சென்னையில் இருக்கும்போது, அங்கே போய்ச் சேரும் வழியும் நம் உரிமைதான்.