கிழவி துப்பறிந்தால் என்ன குறைச்சல்?

கையில் ஒரு மிஸ் மார்ப்பிள் நாவலோடு ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒருவன் உட்கார்ந்தால் போதும், நாலு அறிவுஜீவிகளாவது சூழ்ந்துகொள்வார்கள். "இன்னுமா பாட்டிக் கதை படிக்கிறே?" என்று கிண்டலில் ஆரம்பித்து, கடைசியில் உபதேசத்தில் வந்து நிற்பார்கள். இங்கே பாலாறு செத்துக் கிடக்கிறது, இவனுக்கு இங்கிலாந்துப் பாதிரியார் வீட்டில் விழுந்த பிணம் கேட்கிறதாம்!

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு.

இந்த வகைக் கதைக்கு ஆங்கிலத்தில் 'கோஸி' என்று பேர். போர்வைக்குள் சுருண்டு படுத்த மாதிரி இதமானது என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், கொலை திரைக்குப் பின்னால் நடந்துவிடும், ரத்தம் அதிகம் சிந்தாது. கண்டுபிடிப்பது போலீஸ் இல்லை. ஸ்வெட்டர் பின்னும் கிழவியோ, கடை வைத்திருப்பவரோ. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் நாவலாக வந்தது 1930-ல். 2020-ல் ரிச்சர்ட் ஓஸ்மான் முதியோர் குடியிருப்பில் நாலு பேரைத் துப்பறிய விட்டார், புத்தகம் சக்கைப்போடு போட்டது. இடையில் திட்டாதவர் இல்லை. 1944-ல் ரேமண்ட் சாண்ட்லர் இங்கிலாந்துப் பாணித் துப்பறியும் கதைகளில் நிஜமே இல்லை என்று சாடினார். மறு வருடம் எட்மண்ட் வில்சன், ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்று தலைப்பிலேயே கேட்டார். மெஸ்ஸில் புதுசாகச் சொல்லப்படுவது எண்பது வருடப் பழைய சரக்கு.

தூக்க மாத்திரை என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. மார்ப்பிளிடம் என்ன இருக்கிறது? துப்பாக்கி இல்லை, பேட்ஜ் இல்லை. பார்த்த முகங்களின் ஞாபகம் இருக்கிறது. இந்த ஆள் அன்றைக்கு ஊரில் ஏமாற்றினானே அந்தப் பையன் மாதிரி இருக்கிறானே என்று ஒப்பிட்டுப் பார்க்கிற புத்தி இருக்கிறது. கிழவிதானே என்று யாரும் வாயை மூடிக்கொள்வதில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதான். பள்ளிக்கூட இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். 'இறந்தார்' என்று ஊரே சொல்லி முடித்த பிறகு, 'யார் கொன்றது?' என்று வினையைத் திருப்பிப் போடுகிறவள் மார்ப்பிள். வாசகனை உட்கார வைப்பது டீயும் கேக்கும் இல்லை, இந்தக் கேள்வி.

இப்போது ராணிப்பேட்டைக்கு வாருங்கள். டேனரித் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் செத்தால் பேப்பரில் என்ன போடுகிறான்? 'விஷவாயு தாக்கிப் பலி'. கொலையாளியின் பெயர் வாயு! 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவர் இடிந்தது, சேறு வந்தது, பேர் இறந்தார்கள். எல்லாம் தன்வினை. ஆறு கெட்டது, கிணறு கெட்டது என்பதும் அப்படியே. இந்த மொழியிலேயே வளர்ந்தவர்கள் துப்பறியும் கதையைப் பார்த்துத் தூக்க மாத்திரை என்கிறார்கள்.

இத்தனைக்கும் இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய துப்பைத் துலக்க வைத்தது போலீஸ் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற ஒரு சங்கம். 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கோர்ட்டில் வந்து விழுந்தது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு. கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் காலூன்றியதில் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. டேனரிக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டார்கள் (ஒரு நல்ல ஷூவின் விலை!). சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்றால் இந்த வழக்குதான். பேட்ஜ் இல்லாதவர்கள் கேள்வி கேட்டதால் வந்தது.

அதற்காகக் கோஸி நாவல் பொய்யே சொல்லவில்லை என்று சாதிக்க வேண்டாம். சொல்கிறது, கடைசி அத்தியாயத்தில். எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து, ஒரு விரல் ஒரு ஆளை நோக்கி நீளும். ஊர் பழையபடி ஆகிவிடும். 1948-ல் கவிஞர் ஆடன் இதைத்தான் பிடித்தார்: குற்றவாளி வேறு யாரோ என்று தெரிவதில் வாசகனுக்கு ஒரு நிம்மதி. ஆம்பூரில் அந்த ஹாலை நிரப்பிப் பாருங்கள். டேனரி முதலாளி, விலையை அடிமட்டத்துக்கு அமுக்கும் வெளிநாட்டு பிராண்டு, கண்ணை மூடிக்கொண்ட அதிகாரி, அந்த ஷூவைப் போடுகிறவன்... கடைசி நாற்காலியில் படித்துக்கொண்டிருப்பவனின் அப்பாவே உட்கார்ந்திருப்பார். காலேஜ் ஃபீஸ் டேனரிச் சம்பளத்தில்தான் கட்டப்பட்டது. விரல் எங்கே நீளும்? வழக்கும் இருநூறு பக்கத்தில் முடியவில்லை. நஷ்ட ஈடு போய்ச் சேராதவர்களுக்குக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் திரும்பவும் உத்தரவு போட்டது 2025 ஜனவரியில்.

அதனால் கோஸி உதவாது என்று ஆகிவிடாது. இங்கே ஒருவரும் எழுதிப் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம். தமிழில் விதை இல்லாமலில்லை. தேவனின் துப்பறியும் சாம்பு பேங்க் குமாஸ்தாவாக அறிமுகமான ஆள். அசட்டுத்தனமாக எதையாவது செய்வார், அது துப்பாக முடியும். வாசகர்கள் கொண்டாடினார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். ராஜேஷ்குமாரின் விவேக் க்ரைம் பிராஞ்ச். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலாவுக்கும் சுபாவின் நரேந்திரன்-வைஜெயந்திக்கும் ஏஜென்சி போர்டு இருக்கிறது. மாத நாவலில் துப்பறிவது உத்தியோகமாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆள் காணாமல் போய்விட்டார். இங்கிலீஷ் துப்பறியும் கதைகளைத் தமிழ்ப் பேர் வைத்து இறக்கிய ஆரணி குப்புசாமி முதலியார் பேரிலேயே பக்கத்து ஊரைச் சுமந்தவர். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் சரக்கு ஆம்பூர் வந்து சேரவில்லை.

காலையில் ஷூ கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். முன் சீட்டில் பதினைந்து வருடமாக மேல்தோல் தைக்கும் ஒரு அக்கா. எந்த ஊர்க் கிணறு எந்த வருடம் உப்புக் கரித்தது, எந்த டேனரி ராத்திரியில் மட்டும் தண்ணீர் திறக்கிறது, யார் வீட்டில் யார் திடீரென்று கடனை அடைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாதது இல்லை. மார்ப்பிளுக்கு இதைவிட என்ன தெரியும்? பிரியாணியும் கத்திரிக்காயும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத ஆள் இருக்கிறது. அந்த அக்காவின் கையில் ஒரு பிணத்தைக் கொடுத்துப் பார்க்க ஒரு ஆள் கிடைக்கவில்லை.