ஒரே மாத்திரையில் 3 மருந்து: சர்க்கரை நோயாளிகள் கவனிக்காத ஆபத்து!

"அண்ணே, இதே மாத்திரை 2 அட்டை கொடுங்க..."

மெடிக்கல் கடைகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. டாக்டர் சீட்டு கையில் இருக்காது. காலி அட்டையை காட்டினாலே மாத்திரை வந்துவிடும். இங்கேதான் ஆபத்து ஆரம்பம்.

சர்க்கரை வியாதிக்கு விற்கப்படும் பல மாத்திரைகளில் கிளிமெபிரைடு, மெட்பார்மின், பியோகிளிட்டசோன் என 3 மருந்துகள் ஒன்றாக கலந்து வருகின்றன. ஒன்றை விழுங்கினால் போதும் என்பது வசதிதான். ஆனால் மூன்றின் பக்க விளைவும் சேர்ந்தே வரும்.

43 நாள் தடை

சிறுநீர்ப்பை புற்றுநோய் வரலாம் என்ற சந்தேகத்தால் பியோகிளிட்டசோனுக்கு மத்திய அரசு 2013-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி தடை போட்டது. விலை மலிவான மருந்தை பறித்தால் ஏழைகள் என்ன செய்வார்கள் என்று டாக்டர்கள் தரப்பில் எதிர்ப்பு கிளம்பியது. 43 நாளில், ஜூலை 31-ந் தேதி தடை நீங்கியது.

ஆனால் நிபந்தனை போட்டார்கள். சர்க்கரைக்கு முதல் மருந்தாக இதை கொடுக்கக் கூடாது. சிறுநீர்ப்பை புற்றுநோய் இருப்பவர்கள், முன்பு வந்தவர்கள், காரணம் தெரியாமல் சிறுநீரில் ரத்தம் போகிறவர்கள் ஆகியோருக்கு தரவே கூடாது.

இந்த எச்சரிக்கை டாக்டர்களுக்கு சொன்னது. டாக்டரையே பார்க்காமல் வாங்குபவருக்கு அது எப்படி போய்ச் சேரும்?

கால் வீங்கினால்...

பியோகிளிட்டசோனால் சிலருக்கு உடம்பில் நீர் கோர்க்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு இது பெரிய ஆபத்து.

கிளிமெபிரைடு வேறு ரகம். அதை போட்டுவிட்டு வெறும் டீயோடு வேலைக்கு போனால் சர்க்கரை சடாரென்று இறங்கும். வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறும். போதை என்று நினைத்து ஓரமாக படுக்க வைத்தால் உயிரே போகலாம். நினைவு இருந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். நினைவு இல்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ கூப்பிட வேண்டும்.

சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு மெட்பார்மினும் ஆகாது. ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும்.

அதற்காக மாத்திரையை சட்டென்று நிறுத்தினால் சர்க்கரை ஏறி, அதுவும் ஆளை சாய்த்துவிடும். காலி அட்டையை கடையில் காட்டுவதற்கு பதில் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரக பரிசோதனையும் செய்து கொள்ளுங்கள்.