விலைச்சீட்டோடு வந்த தோமா

ஜூலை 3 புனித தோமாவின் திருநாள். அன்று ஜொகூரில் எந்த ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி நடந்தாலும் மறையுரையில் பெரும்பாலும் ஒரே செய்திதான் வரும்: உயிர்த்த இயேசுவின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று பிடிவாதம் பிடித்தவர் தோமா. பாடல்களில் அதுவும் வராது. வழக்கமான வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், நன்றிப் பாடல் என்று திருநாள் முடிந்துவிடும். குளுவாங்கில் பல காலமாக மறைக்கல்வி வகுப்பையும் பாடகர் குழுவையும் கவனித்து வருகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இது போதாது. மயிலாப்பூரில் உயிர் துறந்தார் என்று நெடுங்கால மரபு சொல்லும் ஒரு மனிதரை நாம் ஒரு வாரத்துச் சந்தேகத்தோடு நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்தச் சந்தேகத்தைச் சொல்லும் அதே யோவான் நற்செய்தியில், இயேசு உயிருக்கு ஆபத்தான யூதேயாவுக்குக் கிளம்பியபோது, அவரோடு போய்ச் சாவோம் வாருங்கள் என்று மற்ற சீடர்களை அழைத்தவரும் இந்தத் தோமாதான். அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து கடைசி வரை தமிழில் கதைப்பாட்டாகக் கட்டி, இங்கே நம் பிள்ளைகள் பாட வேண்டும்.

ஏன் பாட்டு என்று கேட்பார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் தேசியப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் படிக்கிறவர்கள். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறுகிறார்கள். பாட்டு வரிகளை ரோமன் எழுத்தில் திரையில் போட்டால்தான் வாயைத் திறக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடுகிற அந்த நான்கைந்து பாட்டுதான் அந்த வாரம் அவர்கள் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வருகிற தமிழ். அப்படியிருக்க, அந்தப் பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. இப்போது பாடுகிறவற்றில் என் உள்ளமும் உம் அன்பும்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஊர் இல்லை, கடல் இல்லை, வேலை இல்லை, பெயர் சொல்லும்படி ஓர் ஆள் இல்லை. செபத்துக்கு அவை வேண்டும்; நானே கண் கலங்கிப் பாடியிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதனின் கதையைப் பிள்ளைகள் கையில் கொடுக்க அவற்றால் முடியாது.

கதைக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியில் இருக்கும் எடெசா நகரத்துச் சிரியாக் மொழிக் கிறிஸ்தவர்களிடையே 'தோமாவின் பணிகள்' என்றொரு நூல் எழுந்தது. திருத்தூதர்கள் யார் எந்த நாட்டுக்குப் போவது என்று சீட்டுப் போடுகிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. அவர் போக மறுக்கிறார். உடம்பில் தெம்பில்லை, எபிரேயனாகிய நான் அங்கே போய் யாரிடம் என்ன பேசுவேன் என்கிறார். அந்த வேளையில், குந்தபோரசு என்ற இந்திய அரசன் அனுப்பிய அப்பான் என்ற வணிகன், மாளிகை கட்டத் தெரிந்த தச்சனைத் தேடிச் சந்தைக்கு வருகிறான். இயேசுவே அவனிடம் போய், என்னிடம் ஓர் ஆள் இருக்கிறான் என்று சொல்லி, விலை பேசி, விலைச்சீட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். மறுநாள் காலையில் தோமா தன் விலைப்பணத்தைத் தவிர வேறொன்றும் கையில் எடுத்துக்கொள்ளாமல் கப்பலேறுகிறார். என்ன வேலை தெரியும் என்று வணிகன் கேட்கிறான். மரத்தில் ஏர், நுகம், துடுப்பு, பாய்மரம் செய்வேன், கல்லில் தூணும் கோயிலும் அரண்மனையும் கட்டுவேன் என்கிறார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தோட்டம்தான் கண்முன் வரும். ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் நான். என் பாட்டனாரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்தான். கங்காணி கணக்கில் கடனோடு வந்தவர். போகப் பிடிக்காமல், வேறொருவர் பேசி முடித்த விலைக்குக் கடல் தாண்டிய ஒரு திருத்தூதரை, ஜொகூர்த் தமிழனைவிட நன்றாகப் புரிந்துகொள்ள யாரால் முடியும்? இது பழைய கதையும் அல்ல. ஜொகூர்ப் பாருவில் ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்குப் போனால் பின் வரிசைகளில் இராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த இளைஞர்களைப் பார்க்கலாம். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனை அடைக்கவே எத்தனையோ மாதச் சம்பளம் போய்விடுகிறது என்று சொல்வார்கள். கடப்பிதழ் தன் கையில் இல்லை என்று சொன்னவரும் உண்டு. அவர்களுக்குத் தோமா என்றால் சந்தேகம் என்று மட்டும் போதிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் ஒப்பந்தத்தில் வந்த கொத்தனார், தச்சர். அவர்களுடைய ஆள்.

மாளிகைக் கதையைச் சென்ற ஆண்டு வகுப்பில் சொன்னேன். அரசன் கட்டடச் செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். தோமா ஊர் ஊராகச் சென்று அவ்வளவையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று அரசன் ஆளனுப்பிக் கேட்கிறான். கூரை ஒன்றுதான் பாக்கி என்று பதில் போகிறது. அரசன் மகிழ்ந்து மேலும் பொன் அனுப்புகிறான். அதுவும் ஏழைகளுக்கே போகிறது. உண்மை தெரிந்ததும் தோமா சிறையில் அடைக்கப்படுகிறார். அன்றிரவே அரசனின் தம்பி காத் என்பவன் இறந்து, விண்ணகத்தில் அண்ணன் பெயரில் எழும்பி நிற்கும் மாளிகையைப் பார்த்து, உயிரோடு திரும்பி வந்து சாட்சி சொல்கிறான்.

"கூரைதான் பாக்கின்னு சொன்னது பொய்தானே டீச்சர்?" என்று ஒரு பையன் எழுந்துவிட்டான். நான் வாய் திறப்பதற்குள் ஒரு சின்னப் பெண் திரும்பி, "ராஜாவுக்கு ஏற்கெனவே வீடு இருந்துச்சுல்ல? ஏழைங்களுக்குத்தானே இல்ல?" என்றாள். அரை மணி நேரம் சண்டை. அரசன் பணத்தை எடுத்துக் கொடுத்தால் அது தானமா திருட்டா, கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாமே, கேட்டால் அரசன் கொடுத்திருப்பானா என்று தமிழில், மலாய் கலந்த தமிழில், ஆனால் விடாமல் பேசினார்கள். புகழ்ச்சிப் பாடல் எதற்கும் அவர்கள் இப்படி மல்லுக்கு நின்று நான் பார்த்ததில்லை. தோமாவின் போதனையே அந்த மாளிகைக்குள் இருக்கிறது. மருத்துவம் பார்த்துக் கூலி வாங்காதவர், உப்பும் ரொட்டியும் தண்ணீரும் போதுமென்றவர், ஒற்றை ஆடையோடு அலைந்தவர் என்று அதே நூல் அவரைக் காட்டுகிறது.

இன்னொன்றையும் பாடகர் குழுக்காரியாகக் கவனிக்கிறேன். அந்த நூலில் தோமாவே பாடுகிறார். கப்பல் கரை சேர்ந்த முதல் ஊரில் அரசன் மகளுக்குத் திருமணம். விருந்தில் உட்கார வைக்கப்பட்ட தோமா எபிரேய மொழியில் ஒரு பாட்டுப் பாடுகிறார். கூடியிருந்த யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. அங்கே குழல் ஊதிக்கொண்டிருந்த எபிரேயப் பெண் ஒருத்திக்கு மட்டும் புரிகிறது. பிற்பாடு சிறையில் இருக்கும்போது முத்தைப் பற்றி ஒரு நீண்ட பாட்டுப் பாடுகிறார். பாம்பு காக்கும் முத்தை எடுத்துவர எகிப்துக்கு அனுப்பப்பட்ட இளவரசன், அந்த ஊர் உடையை உடுத்தி, அந்த ஊர்ச் சோற்றை உண்டு, தான் யார் மகன் என்பதையே மறந்து தூங்கிப்போகிறான். பெற்றோர் எழுதிய கடிதம் கழுகாகப் பறந்து வந்து அவனை எழுப்புகிறது. உலக இலக்கியத்தில் பெரிய இடம் பிடித்த பாட்டு அது. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

தோமாவின் நினைவைக் காத்ததிலும் பாட்டுக்குத்தான் முதலிடம். அவருடைய எலும்புகளை ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து எடெசாவுக்குக் கொண்டுவந்ததை நான்காம் நூற்றாண்டிலேயே பாடி வைத்தவர் புனித எஃப்ரேம். 373-இல் இறந்த அவர் அடிப்படையில் ஒரு பாடலாசிரியர். கேரளத்தில் 1601-இல் மாளியேக்கல் தோமா ரம்பான் எழுதியதாகச் சொல்லப்படும் ரம்பான் பாட்டு, தோமா கொடுங்கல்லூரில் இறங்கியதிலிருந்து மயிலாப்பூர் மரணம் வரை பாடுகிறது. கிறிஸ்தவர் அல்லாத பாணர்கள் நசுராணிக் கிறிஸ்தவர் வீடுகளுக்கு வந்து தோமா கதை பாடிப் பரிசு வாங்கிச் சென்றிருக்கிறார்கள். மார்க்கம் களியில் குத்துவிளக்கைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் ஆடுவார்கள். விளக்கு கிறிஸ்து, ஆடுகிறவர்கள் சீடர்கள். அதில் தோமா சோழ மன்னனுக்கு மாளிகை கட்ட வருகிறார்! எங்கள் தோட்டத்தில் ஒரு மலையாளக் கிராணி இருந்தார். கிறிஸ்துமஸ் காலத்தில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அவர் உறவுக்காரர்கள் வந்து, வீட்டு முற்றத்தில் விளக்கேற்றி ஆடுவார்கள். வேறு வாத்தியம் கிடையாது, கைத்தாளம் மட்டும். வேட்டியை வரிந்து கட்டியவர்கள் மெதுவாகத் தொடங்குவார்கள்; போகப் போகக் காலடி வேகமெடுத்து, கடைசியில் செம்மண் புழுதி விளக்கையே மறைக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த எங்களுக்கு, அவர்கள் பாடியது எங்கள் சென்னைக் கதை என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

தமிழில் இது நடக்காத காரியமா? யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையைச் சேர்ந்த பேதுருப் புலவர் 1647-இலேயே திருத்தூதர் யாக்கோபின் மேல் 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடிவிட்டார். கிளாலிக் கோயிலோடு ஒட்டிப் பிறந்த பாட்டு அது. மன்னாரில் புனிதர்களின் வாழ்க்கையை விடிய விடிய வாசாப்பு நாடகமாக ஆடினார்கள். வீரமாமுனிவர் சூசையப்பரை வைத்துத் 'தேம்பாவணி' என்ற காப்பியமே செய்தார். யாக்கோபுக்கும் சூசையப்பருக்கும் கிடைத்தது, சாந்தோம் தேவாலயமும் சின்னமலையும் பரங்கிமலையும் யாருடைய நினைவைத் தாங்கி நிற்கின்றனவோ அவருக்கும் கிடைக்க வேண்டும்.

நாம் இருக்கும் இந்த மறைமாவட்டத்துக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டம் என்று 1972-இல் ஏற்பட்டபோது மலாக்காவின் பெயரையும் சேர்த்தே சுமந்தோம். மலாக்கா என்றால் புனித சவேரியார். 1542 முதல் முத்துக்குளித்துறையில் அவர் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி, தமிழில் ஆக்கிய மன்றாட்டுகளை ராகத்தோடு சொல்லிக் கொடுத்தார். சிறுவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். 1545-இல் மயிலாப்பூரில் தோமாவின் கல்லறை அருகே சில மாதங்கள் தங்கிச் செபித்த பிறகுதான் மலாக்காவுக்குக் கப்பலேறினார். இங்கும் அதே மணி, அதே பாட்டு. தோமாவின் எலும்புத் துண்டொன்றைக் கழுத்தில் அணிந்திருந்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது.

எதிர்ப்பு வராமலில்லை. முதலாவது, இது வரலாறா என்ற கேள்வி. குந்தபோரசு கற்பனை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானிலும் பஞ்சாபிலும் அவனுடைய நாணயங்கள் கிடைத்தன. அவன் வடமேற்கு இந்தியாவை ஆண்டவன். தோமா அங்கே போனாரா, தென்னாட்டுக்கு வந்தாரா, இரண்டுமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வாதிடட்டும். கதைப்பாட்டைக் கதைப்பாட்டாகவே மேடையேற்றுவோம். தொடக்கத்திலேயே இது மரபு சொல்லும் கதை என்று பாடிவிட்டால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். இரண்டாவது, திருவிவிலியத்தில் சேராத நூல் என்பது. உண்மைதான். திருமணமே வேண்டாம் என்று தம்பதியரைத் துறவுக்குத் திருப்பும் பகுதிகளும் அதில் உண்டு. அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன். ஆகையால் இந்தப் பாட்டைத் திருப்பலிக்குள் நுழைக்கச் சொல்லவில்லை. திருநாள் மாலையில், ஆலய மண்டபத்தில் பாடலாம்.

விலைச்சீட்டுப் பகுதியை விட்டுவிடலாமே, நம் மக்களின் பழைய காயத்தைக் கிளறுவானேன் என்று பங்கில் ஒரு பெரியவர் அன்போடு சொன்னார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இருந்தும் இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் தோமா எங்கிருந்தோ வானத்திலிருந்து குதித்த சாமியாராகிவிடுவார். கட்டாயத்தில் கப்பலேறியவர் போன இடத்தில் ஏழைகளுக்கு வீடானார் என்பதுதான் நம் பிள்ளைகள் பாட வேண்டிய கதை.

வில்லுப்பாட்டாகச் செய்யத் தொடங்கியிருக்கிறோம். சீட்டுப் போட்டது, விலை பேசியது, குழல்காரப் பெண், கூரைப் பாக்கி ஆகிய பகுதிகளுக்கு மெட்டு அமைந்துவிட்டது. கட்டட வேலைக்கு வந்த ஒரு தம்பிக்கு உடுக்கை அடிக்கத் தெரிந்திருக்கிறது. தோமா தனக்குத் தெரிந்த வேலைகளை அடுக்கும் இடத்தில் தன் கையாலேயே இரண்டு அடிகள் சேர்த்தார், நன்றாக இருக்கிறது. மலையாளக் குடும்பங்கள் மார்க்கம் களி அடவைக் கற்றுத் தர ஒப்புக்கொண்டிருக்கின்றன. தோமா ஈட்டிக்கு இரையாகும் கடைசிப் பகுதி இன்னும் எழுதப்படவில்லை. ஜொகூரில் சந்தம் தெரிந்த தமிழாசிரியர்கள், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், அதற்குக் கை கொடுக்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில்தான் இருப்போம்.